எக்ஸ்ட்4 பழுதானால்: எஃப்எஸ்சிகே தட்டுவதற்கு முன்னால்

கரண்ட் போய் வந்த ராத்திரி. எக்ஸ்ட்4 (லினக்ஸில் பரவலாக உள்ள ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் அமைப்பு) மேல் ஓடும் சர்வர் பாதி எழுந்து நின்றுவிட்டது. திரையில் கொட்டை எழுத்தில் ‘அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டென்சி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி’ என்று ஒரு வரி. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எஃப்எஸ்சிகே என்பது ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துப் பழுதுபார்க்கும் கட்டளை. அந்த நேரத்தில் அதோடு சேர்த்துக் கை தானாகத் தட்டுவது ‘-ஒய்’. எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்று வைத்துக்கொள் என்பதுதான் அதற்குப் பொருள்.

நானும் ஒருமுறை அப்படித் தட்டியவன்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். டிஸ்க்கே செத்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. படிக்க முடியாத இடங்களையெல்லாம் எஃப்எஸ்சிகே ‘இது குப்பை, நீக்கட்டுமா’ என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் நான்தான் முன்கூட்டியே தலையாட்டி வைத்திருந்தேனே. முடிந்தபோது ஃபைல் சிஸ்டம் ‘க்ளீன்’. உள்ளே இருந்ததில் பெரும்பகுதி லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவில் பெயரில்லாமல் வெறும் எண்களாகக் கிடந்தது.

எஃப்எஸ்சிகே ஒரு கணக்குப்பிள்ளை. பேரேட்டில் வரவும் செலவும் நேர்ப்பட வேண்டும் என்பதுதான் அவர் கவலை. நேர்ப்படவில்லை என்றால் ஒரு வரியை அடித்தாவது நேராக்கிவிடுவார். கிடங்கில் காணாமல் போன மூட்டையைத் தேடித் தருவது அவர் வேலை அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் வரிசை ஏன் இப்படி இருக்கிறது என்று புரியும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பி, டி போன்றவை தமிழில் குழப்பும் என்பதால், தேவையான இடத்தில் அது எந்தச் சொல்லின் முதலெழுத்து என்றும் சேர்த்துச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு டிஸ்க் ‘எஸ்டிபி’, அதன் முதல் பார்ட்டிஷன் ‘எஸ்டிபி1’ என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: நோய் எங்கே இருக்கிறது

ஃபைல் சிஸ்டம் தானாகக் கெட்டுப்போவது அரிது. டிஸ்க், கேபிள், ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கோப்பது) கன்ட்ரோலர், ரேம் என்று அடியில் எங்கோ ஒன்று கெட்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே பூசினால் நாளைக்கும் இதே கதைதான்.

கர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ வெளியீட்டைப் படியுங்கள். ‘எக்ஸ்ட்4-எஃப்எஸ் எரர்’ மட்டும் வருகிறதா, அதற்கு முன்னால் ‘ஐ/ஓ எரர்’ வரிகளும் இருக்கின்றனவா? பின்னதுதான் என்றால் பிரச்சினை டிஸ்க்கில். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ கொடுத்து நான்கு எண்களைப் பாருங்கள். 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197 தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள், 198 திருத்தவே முடியாதவை. இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மேற்கொண்டு வேலை வாங்கக் கூடாது. 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். பத்து நிமிட வேலை.

மென்பொருள் ரெய்டு இருந்தால் ‘/ப்ராக்/எம்டிஸ்டாட்’ பார்க்காமல் நகராதீர்கள். வரிசை தப்பிக் கோக்கப்பட்ட ரெய்டின் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டுவது, கிழிந்த புத்தகத்தின் பக்கங்களைக் கலைத்துவிட்டு இலக்கணப் பிழை திருத்துவது போல. திருத்தியபின் எதையும் பழையபடி அடுக்க முடியாது.

இன்னொரு பொறி. ‘படிக்க மட்டும்’ என்று மவுண்ட் செய்தால் (ஃபைல் சிஸ்டத்தைப் பயன்பாட்டுக்கு இணைத்தால்) டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது என்று பலரும் நம்புகிறார்கள். எக்ஸ்ட்4 அப்படி இல்லை. ‘ஆர்ஓ’ கொடுத்தாலும் ஜர்னலில் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேட்டில்) மிச்சம் இருந்தால் அதை எடுத்து எழுதிவிட்டுத்தான் மவுண்ட் ஆகும். எழுதவே கூடாது என்றால் ‘ஆர்ஓ,நோலோடு’ என்று கொடுங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் இதற்குப் பெயர் ‘நோரெகவரி’. அதற்கும் மேலே காப்பு வேண்டுமானால் ‘பிளாக்டெவ் --செட்ஆர்ஓ’ கொடுத்து கர்னல் மட்டத்திலேயே பூட்டிவிடலாம்.

மவுண்ட் ஆகியிருக்கும் ஃபைல் சிஸ்டத்தில் பழுதுபார்க்கும் கருவியை ஓட்டக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தவர்கள்தான் ஓட்டுகிறார்கள். எது எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்று காட்டும் ‘ஃபைண்ட்மவுண்ட்’ ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: நகல்

டிஸ்க் சந்தேகத்துக்குரியது என்றால் க்னூ டிடிரெஸ்க்யூதான் வழி. சாதாரண ‘டிடி’ படிக்க முடியாத இடத்தில் மண்டையை முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். எதை எடுத்தோம், எது பாக்கி என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இரண்டு சுற்றாக ஓட்டுங்கள். முதல் சுற்றில், ‘டைரக்ட்’ என்பதற்கான -டி, ‘நோ ஸ்க்ரேப்’ என்பதற்கான -என். அதன்பின் மூல டிஸ்க், இமேஜ் ஃபைல், மேப் ஃபைல் என்ற வரிசையில். இரண்டாம் சுற்றில் -என் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களை மூன்று முறை மறுபடி முயலச் சொல்லும் -ஆர்3 சேர்த்து, அதே மேப் ஃபைலுடன். மூலம் முதலில், இலக்கு அடுத்து. இதை மாற்றிப் போட்டால் இந்த வழிகாட்டி முழுவதும் வீண். எண்டர் தட்டும் முன் வரியை வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

டிஸ்க் நலமாக இருந்து, ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பியிருக்கிறது, அதுவும் பல டெராபைட் என்றால் முழு நகல் எடுக்க இடமிருக்காது. எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் லினக்ஸ் அடுக்கு) மேல் இருந்தால் ஸ்னாப்ஷாட் (அந்த நொடி நிலையின் பிரதி) எடுத்து, முதல் முயற்சியை ஸ்னாப்ஷாட்டில் செய்து பாருங்கள். எல்விஎம்மும் இல்லையென்றால் ‘இ2இமேஜ்’ இருக்கிறது. சின்ன ஆர் போட்டால் ரா வடிவத்தில், பெரிய க்யூ போட்டால் க்யூகவ்2 வடிவத்தில் மெட்டாடேட்டாவை (ஃபைல்களைப் பற்றிய கணக்கு விவரங்களை) மட்டும் எடுத்துத் தரும். ஃபைல்களின் உள்ளடக்கம் அதில் இருக்காது. ஆனால் எஃப்எஸ்சிகே என்ன செய்யப்போகிறது என்று ஒத்திகை பார்க்க அது போதும்.

மூன்றாம் படி: தொடாமல் சோதிப்பது

‘டம்ப்இ2எஃப்எஸ்’ கட்டளைக்கு ‘ஹெடர்’ என்பதற்கான சின்ன ஹெச் கொடுத்தால் சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் உள்ள பகுதி) விவரம் மட்டும் வரும். அதில் பிளாக் (ஃபைல் சிஸ்டம் இடத்தைப் பிரிக்கும் அலகு) அளவு, மொத்த பிளாக் எண்ணிக்கை, நிலை, கடைசியாகச் சோதித்த தேதி ஆகியவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

அடுத்து ‘இ2எஃப்எஸ்சிகே -எஃப்என்’, எக்ஸ்ட் குடும்பத்துக்கான எஃப்எஸ்சிகே இதுதான். எஃப் என்றால் க்ளீன் என்று குறித்திருந்தாலும் சோதி. என் என்றால் எந்தக் கேள்விக்கும் ‘இல்லை’. ஜர்னல் எழுதப்படாமல் கிடந்தால் இந்த ஓட்டம் அதைத் தாண்டிப் போய்விடும், அதை ஓர் எச்சரிக்கையாகவும் சொல்லும். ஆகவே அப்போது காட்டும் பிழைகளில் ஒரு பங்கு ஜர்னல் எழுதப்பட்டாலே மறைந்துவிடும். பட்டியலின் நீளத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சோதனை ஐந்து சுற்றாக நடக்கும். முதல் சுற்று ஐநோடுகளும் (ஒவ்வொரு ஃபைலின் விவரக் குறிப்புகள்) அவை உரிமை கோரும் பிளாக்குகளும், இரண்டு அடைவுகளின் உள்ளமைப்பு, மூன்று அடைவுகள் ரூட்டோடு இணைந்திருக்கின்றனவா, நான்கு இணைப்பு எண்ணிக்கை, ஐந்து காலி இடக் கணக்கும் பிட்மேப்பும் (எது காலி, எது பயன்பாட்டில் என்ற பட்டியல்). எந்தச் சுற்றில் பிழை என்பதே பாதி நோயறிதல். ஐந்தில் மட்டும் என்றால் கூட்டல் கழித்தல் தவறு, கவலை இல்லை. நான்கில் கொஞ்சம் என்றால் ஒருசில ஃபைல்கள் லாஸ்ட்+ஃபவுண்டுக்குப் போகும். முதல் சுற்றிலேயே நூற்றுக்கணக்கான ஐநோடுகள் குப்பையாகத் தெரிந்தால் நிறுத்துங்கள். ஐநோடு அட்டவணையின் மேல் வேறெதுவோ எழுதப்பட்டிருக்கலாம், அல்லது பார்ட்டிஷனின் தொடக்கமே தள்ளிப்போயிருக்கலாம். தள்ளிப்போன பார்ட்டிஷனில் உங்கள் தரவு பத்திரமாகவே இருக்கும், நீங்கள் எஃப்எஸ்சிகே ஓட்டும் வரை.

சூப்பர்பிளாக் காணவில்லை என்றால்

‘பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர்-பிளாக்’ என்று வந்ததும் சூப்பர்பிளாக் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை தவறான டிவைஸைச் சுட்டியதால் வந்தவை: எஸ்டிபி1 என்பதற்குப் பதில் எஸ்டிபி, அல்லது உள்ளே இருப்பது எல்விஎம், அல்லது லக்ஸ் மறையாக்கம். டிவைஸில் என்ன வகை இருக்கிறது என்று சொல்லும் ‘பிஎல்கேஐடி’ ஒருதடவை ஓட்டினால் தெரிந்துவிடும்.

டிவைஸ் சரிதான் என்றால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எக்ஸ்ட் குடும்பத்தின் முதன்மை சூப்பர்பிளாக் பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 1024ஆவது பைட்டில் இருக்கிறது. அதற்குள் 56 பைட் தள்ளி மேஜிக் எண். ஆக 1080ஆவது பைட். பைட்டுகளை அப்படியே காட்டும் ‘எக்ஸ்எக்ஸ்டி’ கட்டளையிடம் -எஸ் 1080 -எல் 2 என்று கேளுங்கள். ‘53இஎஃப்’ என்று வந்தால் சூப்பர்பிளாக்கின் அந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது. மேஜிக் எண் இஎஃப்53தான். சின்ன பைட் முதலில் எழுதப்படுவதால் திரையில் புரண்டு தெரியும். இரண்டும் சுழியாக இருந்தால் யாரோ தொடக்கத்தைத் துடைத்திருக்கிறார்கள்.

துடைத்திருந்தாலும் மாற்றுப் பிரதிகள் உண்டு. பிளாக் அளவு 4096 பைட் என்றால் ஒரு பிளாக் குழுவில் 32768 பிளாக்குகள், அதாவது 128 மெகாபைட். பிரதிகள் எல்லாக் குழுக்களிலும் இருக்காது. 1ஆம் குழுவிலும், பிறகு 3, 5, 7 ஆகியவற்றின் அடுக்குகளாக வரும் குழுக்களிலும் மட்டும்: 3, 5, 7, 9, 25, 27, 49 என்று போகும். 32768ஆல் பெருக்கினால் இடம் கிடைக்கும்: 32768, 98304, 163840, 229376, 294912, 819200. முதல் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அது போதும். பிளாக் அளவு 1024 என்றால் முதல் பிரதி 8193.

இந்த இடங்களை ‘எம்கேஇ2எஃப்எஸ் -என்’ பட்டியலிட்டுத் தரும் என்று எங்கும் எழுதியிருக்கும். உண்மைதான். ஆனால் அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டால் அதே கட்டளை பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்துவிடும். தூக்கக் கலக்கத்தில் அதை நான் தொடுவதில்லை. மேலே உள்ள பெருக்கல் கணக்கு யாரையும் கொல்லாது.

முதன்மை கெட்டிருந்தால் இ2எஃப்எஸ்சிகே தானாகவே பிரதியைத் தேடிப் பார்க்கும். கிடைக்கவில்லை என்றால் நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்: ‘பிளாக்’ என்பதற்கான சின்ன பி கொடுத்து 32768, பிளாக் அளவுக்கான பெரிய பி கொடுத்து 4096. முதல் ஓட்டம் இங்கேயும் -என் சேர்த்துத்தான். எழுத அனுமதித்து ஓட்டினால், முடிவில் முதன்மை சூப்பர்பிளாக்கையும் அதுவே எழுதிவிடும். அன்றாட ஓட்டத்தில் கர்னல் இந்தப் பிரதிகளைப் புதுப்பிப்பதில்லை, அதனால் காலி இட எண்ணிக்கை பழையதாக இருக்கும். ஐந்தாம் சுற்றில் கணக்கு தப்பு என்று சொன்னால் அதனால்தான்.

கெட்ட செக்டரில் இருந்தது எந்த ஃபைல்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கருவி டீபக்எஃப்எஸ், எக்ஸ்ட் ஃபைல் சிஸ்டத்தின் உள்ளே புகுந்து பார்ப்பது. எழுத அனுமதி கேட்காத வரை படிக்க மட்டுமே திறக்கும் என்பதால் பயமில்லாமல் உள்ளே போகலாம்.

கர்னல் லாகில் ‘ஐ/ஓ எரர், டெவ் எஸ்டிபி, செக்டர் 8390656’ என்று இருக்கிறது. கர்னல் சொல்லும் செக்டர் எப்போதும் 512 பைட். முழு டிஸ்க்கின் எண் என்பதால் பார்ட்டிஷன் தொடக்கத்தைக் கழிக்க வேண்டும். ‘எஃப்டிஸ்க் -எல்’ தொடக்கம் 2048 என்கிறது. 8390656 கழித்தல் 2048, 8388608. ஒரு பிளாக்கில் எட்டு செக்டர். எட்டால் வகுத்தால் 1048576. இதுதான் ஃபைல் சிஸ்டத்தின் பார்வையில் பிளாக் எண்.

டீபக்எஃப்எஸ் உள்ளே போய் ‘ஐசெக் 1048576’ கொடுத்தால் அந்த பிளாக்கை வைத்திருக்கும் ஐநோடு எண் வரும். 262190 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ‘என்செக் 262190’ கொடுங்கள், முழுப் பாதையோடு பெயர் வரும். பழைய லாக் ஃபைல் என்றால் நிம்மதி. டேட்டாபேஸ் ஃபைல் என்றால் பேக்கப்பை எடுக்கக் கிளம்பலாம். வந்த ஐநோடு எண் 8 என்றால் அது ஜர்னல். பிளாக் யாருக்கும் சொந்தமில்லை என்று ஐசெக் சொன்னால் ‘டெஸ்ட்பி’ கொடுத்துப் பாருங்கள்: காலி பிளாக் என்றால் நட்டமே இல்லை, ஆனால் பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால் அது ஐநோடு அட்டவணை மாதிரியான உட்பகுதி, மேலே சொன்ன நகல் எடுக்கும் வேலை அவசரமாகிறது.

மவுண்டே ஆகாத நிலையிலும் ‘ஆர்டம்ப்’ கட்டளையால் ஓர் அடைவை முழுதாக வெளியே எடுத்துவிடலாம். பிட்மேப் கெட்டிருந்து டீபக்எஃப்எஸ் திறக்க மறுத்தால் ‘கேட்டஸ்ட்ராஃபிக்’ என்பதற்கான -சி சேர்த்துத் திறக்கலாம். எஃப்எஸ்சிகே ஓட்டும் முன்பே தேவையானதை இப்படி அள்ளிக்கொள்வதுதான் என் வழி. கணக்குப்பிள்ளை பிறகு வரட்டும். அழித்த ஃபைலை ‘எல்எஸ்டெல்’ கொண்டு மீட்கலாம் என்ற பழைய குறிப்புகள் எக்ஸ்ட்2 காலத்தவை. எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 இரண்டும் அழிக்கும்போதே ஐநோடிலுள்ள பிளாக் சுட்டிகளைத் துடைத்துவிடுகின்றன.

இனி பழுதுபார்க்கலாம்

முதலில் ‘ப்ரீன்’ என்பதற்கான -பி. ஆபத்தில்லாத திருத்தங்களை மட்டும் கேட்காமலே செய்துவிட்டு, ஐயம் வந்தால் நின்றுவிடும். நின்றுவிட்டால் -எஃப் உடன், கூடவே -இசட் கொடுத்து ஓர் அன்டூ ஃபைலின் பெயர். அந்த ஃபைல் வேறொரு டிஸ்க்கில் இருக்கட்டும். திருத்தம் பாழாகிவிட்டால் ‘இ2அன்டூ’ கொண்டு பழைய நிலைக்குத் திரும்பலாம். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் இரண்டாம் வருடக் கதை வேறுமாதிரி முடிந்திருக்கும்.

கேள்விகளில் முதல் இருபது, முப்பதைப் படித்துப் பதில் சொல்லுங்கள். ஒரே வகைக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, அது பிட்மேப் சமாசாரம்தான் என்று தெரிந்தபின் -ஒய் கொடுப்பதில் தப்பில்லை. ஒரே பிளாக்கை இரண்டு ஃபைல்கள் உரிமை கோரினால் பிரதி எடுத்து இரண்டுக்கும் கொடுக்கவா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள், ஆனால் அந்த இரண்டில் ஒன்றின் உள்ளடக்கம் நிச்சயம் தப்பு. பெயர்களைக் குறித்து வையுங்கள்.

முடிந்ததும் வெளியேறும் எண்ணைப் பாருங்கள். 0 பிழையில்லை, 1 பிழைகள் திருத்தப்பட்டன, 2 திருத்தியாயிற்று ஆனால் ரீபூட் வேண்டும், 4 திருத்தப்படாமல் பாக்கி உண்டு, 8 கருவியே ஓட முடியவில்லை. இவை கூட்டுத்தொகையாகவும் வரும். மறுபடி -எஃப் கொடுத்து 0 வரும்வரை ஓட்ட வேண்டும். இரண்டாம் ஓட்டத்தில் புதுப் பிழைகள் முளைத்தால் அடியில் வன்பொருள் இன்னும் பொய் சொல்கிறது, ரேமையும் சோதியுங்கள்.

எக்ஸ்ட்4 இல்லாதவர்களுக்கு

எக்ஸ்எஃப்எஸ் மேல் ‘எஃப்எஸ்சிகே’ தட்டினால் ஒன்றுமே செய்யாமல் 0 கொடுத்துவிட்டுப் போகும். அதை நம்பி உட்கார வேண்டாம். உண்மையான கருவி எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர், ஒத்திகைக்கு -என். லாகில் மிச்சம் இருந்தால் மறுத்துவிடும். ஒருமுறை மவுண்ட் செய்து அன்மவுண்ட் செய்தால் லாக் தீர்ந்துவிடும், அதுதான் முறை. மவுண்டே ஆகவில்லை என்றால்தான் பெரிய எல். அது லாகையே அழிக்கிறது, கடைசி நேரத்து மாற்றங்கள் அதோடு போகும்.

பிட்டர்எஃப்எஸ் என்ற மற்றொரு ஃபைல் சிஸ்டத்தில் ‘செக் --ரிப்பேர்’ முதல் மருந்து அல்ல, கடைசி மருந்து. கருவியே எச்சரித்துவிட்டுத்தான் தொடங்கும். முதலில் படிக்க மட்டுமான மவுண்டோடு ‘ரெஸ்க்யூ=யூஸ்பேக்கப்ரூட்’ முயலுங்கள்; அதுவும் ஆகாவிட்டால் ‘பிட்டர்எஃப்எஸ் ரெஸ்டோர்’, மவுண்ட் செய்யாமலே ஃபைல்களை வேறிடத்துக்கு எடுத்துத் தரும். அதன் சூப்பர்பிளாக் பிரதிகள் 64 கிலோபைட், 64 மெகாபைட், 256 கிகாபைட் ஆகிய இடங்களில் இருக்கும்.

இன்றைக்கே உடைத்துப் பார்க்க

இதையெல்லாம் முதல்முறையாக அந்த ராத்திரியில் செய்யக் கூடாது. ‘ட்ரங்கேட் -எஸ் 1ஜி’ கொடுத்து ஒரு இமேஜ் ஃபைல் உண்டாக்கி, அதில் எக்ஸ்ட்4 ஃபார்மேட் செய்யுங்கள். பிளாக் 4096 என்றால் எட்டுக் குழுக்கள். பிரதிகள் 1, 3, 5, 7 ஆகிய நான்கில். லூப் மவுண்ட் செய்து, ‘கடிதம்’ என்று ஓர் அடைவு உண்டாக்கி, சில ஃபைல்களைப் போட்டு, ‘எஸ்ஹெச்ஏ256சம்’ (உள்ளடக்கத்தின் கைரேகை எண்) வாங்கி வெளியே சேமித்துவிட்டு அன்மவுண்ட் செய்யுங்கள்.

முதல் உடைப்பு: ‘டிடி’ கொண்டு இமேஜின் முதல் இரண்டு பிளாக்குகளைச் சுழியால் நிரப்புங்கள். ‘கான்வ்=நோட்ரங்க்’ மறந்தால் இமேஜே எட்டு கிலோபைட்டாகச் சுருங்கிவிடும். இப்போது மவுண்ட் ஆகாது, எக்ஸ்எக்ஸ்டி சுழிகளைக் காட்டும். 32768 கொடுத்து மீட்டெடுங்கள்.

இரண்டாம் உடைப்பு: டீபக்எஃப்எஸ்ஸை எழுதும் அனுமதியோடு திறந்து ‘அன்லிங்க் /கடிதம்’ கொடுங்கள். அன்லிங்க் பெயரை மட்டும் நீக்கும், ஐநோடைத் தொடாது. இ2எஃப்எஸ்சிகே -எஃப் ஓட்டினால் மூன்றாம் சுற்றில் ‘அன்கனெக்டட் டைரக்டரி ஐநோடு’ என்று ஓர் எண்ணைச் சொல்லி, லாஸ்ட்+ஃபவுண்டில் இணைக்கட்டுமா என்று கேட்கும். ஆமாம் சொல்லிவிட்டு மவுண்ட் செய்து பாருங்கள். ஹேஷ் குறியோடு அந்த எண்ணே அடைவின் பெயராக இருக்கும். உள்ளே போனால் நீங்கள் போட்ட ஃபைல்கள் எல்லாம் சொந்தப் பெயரோடு இருக்கும். ஒரு ஃபைலின் பெயர் அதன் ஐநோடில் இல்லை, அதைத் தாங்கும் அடைவில்தான் இருக்கிறது; தாய் அடைவில் வரி போனதால் ‘கடிதம்’ பெயரிழந்தது, அதன் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேமித்து வைத்த எஸ்ஹெச்ஏ256 எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றுகூட மாறியிருக்காது.